நாய் உள்ள தோட்டத்தில் களையெடுப்பு விதிகள்

"மருந்து அடிச்சதுக்கப்புறம் இருபத்தி நாலு மணி நேரம் நீ மண்ணுல கால் வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார் ஜாக்கிரதை.

நாய் கொட்டாவி விட்டது.

"ரெண்டு தடவை படிச்சுக் காட்டிட்டேன். காதுலயே வாங்க மாட்டேங்குறான்," என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் புகார் சொன்னார்.

"அவனுக்கு அவ்வளவு விவரம் இருந்தா நம்ம வீட்டுல ஏன் இருக்கான்?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

களைக்கொல்லி டப்பாவின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல அச்சாகியிருந்த எச்சரிக்கைகளை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். கடையில் டப்பாவை வாங்கினால் உலகத்தில் எல்லோரும் மூடியைத் திறப்பார்கள். இவர் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பார்.

பாட்டில் மூடி தயாரிக்கும் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயரைச் சம்பளச் சீட்டு தவிர வேறெங்கும் யாரும் பயன்படுத்தியதில்லை. ஆலையில் அவர் தலை தெரிந்தால் "ஜாக்கிரதை வர்றாரு" என்பார்கள், அதுவே நிலைத்துவிட்டது. அவர் காலத்தில் அந்த ஆலையில் நடந்த ஒரே விபத்து, அவர் மாட்டிய எச்சரிக்கைப் பலகை கழன்று காசாளர் தலையில் விழுந்ததுதான்.

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. ஆலைக்குத்தான் ஓய்வு கிடைத்தது, அவருக்கு இல்லை. தினமும் காலை ஒன்பது மணிக்கு வீட்டுக் கூடத்தில் பாதுகாப்புக் கூட்டம் நடத்தினார். மனைவி முதல் இரண்டு நாள் வந்தாள். நாய் ஒரு நாள் தவறாமல் வந்தது. பிறர் வேலை செய்வதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் குணத்துக்காக அதற்கு 'சூப்பர்வைசர்' என்று அவரே பெயர் வைத்திருந்தார். வயது பதினொன்று. ஒரு காது மடங்கி, ஒரு காது நிமிர்ந்து, பாதிச் செய்தியைத்தான் நம்புகிற முகம்.

சமையலறைத் தரையில் மஞ்சள் நாடா ஒட்டி, நடக்கும் பாதை வேறு, நிற்கும் இடம் வேறு என்று பிரித்திருந்தார். கத்திமேல் 'கூர்மை' என்று ஒரு சீட்டு, அடுப்பின்மேல் 'சூடு' என்று ஒரு சீட்டு. ஒரே நேரத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டுமானால் அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். மனைவி ஒருநாள் அனுமதிக்குக் காத்திருந்ததில் பால் தானாகவே பொங்கி அடுப்பை அணைத்தது. அதை 'மயிரிழையில் தப்பிய விபத்து' என்று பதிவு செய்தார்.

தெருவையும் விடவில்லை. தெரு முனை வாட்ச்மேனின் நாற்காலிக்கு ஒரு கால் அரை அங்குலம் குட்டை என்று கண்டுபிடித்து அதைப் பறிமுதல் செய்தார். அன்றிலிருந்து வாட்ச்மேன் எட்டு மணி நேரமும் நின்றுகொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் பேக்கரி நடத்துகிறவரிடம் அவசர வழி எங்கே என்று கேட்டார். பேக்கரியே பத்தடி நீளம். வாசலை விட்டால் அவசரத்துக்கு அடுப்புக்குள்தான் போக வேண்டும். அதைச் சொன்னதற்காகப் பேக்கரிக்காரருக்கு ஒரு கடிதம் போனது.

இப்படி நாலு மாதம் போனபின், மூன்றாம் தேதி காலையில் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

வாட்ச்மேன்தான் கொண்டுவந்தார். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை அவர். யார் என்ன சொல்லி அனுப்பினாலும், எதிரில் முதலில் வருகிறவரிடம் ஒரு எழுத்துக் குறையாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். அன்று மனைவி ஈரக் கையோடு ஓடிப்போய் அவர் வாயைத் திறக்கும் முன்பே உறையை வாங்கிக்கொண்டாள்.

ஜாக்கிரதை நோட்டீஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதிவு எண் இருந்தது. தேதி இருந்தது. சங்கத்தின் முத்திரை இருந்தது. செயலாளர் கையெழுத்து முத்திரையின் மேல் பாதியும் வெளியே பாதியுமாகச் சரியாக விழுந்திருந்தது. எண் போட்ட காகிதம் பொய் சொல்லாது என்பது அவர் வாழ்க்கையில் உறுதியாக நம்பிய ஒன்றிரண்டு விஷயங்களில் ஒன்று. முப்பத்திரண்டு வருடம் அவர் நோட்டீஸ் எழுதினார், ஒருவரும் மதிக்கவில்லை. அந்தக் குறைக்குப் பரிகாரமாக, தனக்கு வரும் நோட்டீஸை மதிப்பது என்று வைத்திருந்தார்.

'தங்கள் தோட்டத்தில் களை ஒரு சாணுக்கு மேல் வளர்ந்திருப்பது சங்கத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. முப்பதாம் தேதிக்குள் முழுமையாக அகற்றாவிடில், ஒப்பந்தக்காரர் உள்ளே வந்து கடும் மருந்து அடிப்பார். செல்லப் பிராணிகளுக்கு ஏற்படும் எதற்கும் சங்கம் பொறுப்பல்ல.'

கடைசி வரியைப் படித்ததும் அவர் முகம் வெளுத்தது.

காரணம் இருந்தது. சூப்பர்வைசர் தினமும் காலையில் புல் தின்னும். சந்தையில் காய் பொறுக்குகிறவர் மாதிரி ஒவ்வொரு தாளாக முகர்ந்து, நாலைந்தைத் தேர்ந்தெடுத்து மென்று, பிறகு நேராக வந்து கால்மிதியில் வாந்தி எடுக்கும். இது அதன் வயிற்று வைத்தியம். அந்தப் புல்லில் எதைத் தெளித்தாலும் அது நாயின் வயிற்றுக்குள் போகும். ஒருமுறை நாய் விடுதியில் மூன்று நாள் விட்டதில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எலும்பும் தோலுமாக வந்தது. குளியலறையில் பூட்டினால் ஊளையிட்டுத் தெருவைக் கூட்டும். ஆகவே மருந்து அடிக்கிறவன் வாசலுக்கு வரும் முன்பே தோட்டத்தில் களை இருக்கக் கூடாது. அதை எடுக்கிற விதத்திலும் நாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாது. மற்ற வீடுகளில் முற்றத்துக்கு சிமென்ட் போட்டிருந்தார்கள். மண்ணும் களையும் இருந்தது இவர் வீட்டில்தான்.

அந்த நாய் அவருக்கு முக்கியம். ஆலையில் முன்னூறு பேர் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்தார்கள். வீட்டில் ஒருத்தி கேட்காமல் இருந்தாள். அவர் பேசும்போது எழுந்து போகாத ஒரே உயிர் சூப்பர்வைசர். அதை அவர் வெளியே சொன்னதில்லை, ஆனால் அப்படித்தான்.

"ஒரு ஆளை விட்டு அரை நாள்ல வெட்டிடலாம்," என்றார் முதலில்.

"வெட்டுறவன் நமக்குத் தெரியாம மருந்தத் தூவிட்டுப் போயிட்டான்னா? நாய் புல்லு திங்குமேங்க," என்றாள் மனைவி.

நியாயமாகப் பட்டது. அதனால்தான் தானே களைக்கொல்லி வாங்கிவந்து, எச்சரிக்கைகளை நாய்க்குப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

மதியம் ஆலையில் செய்வதுபோலவே 'பணி அனுமதிச் சீட்டு' தயாரித்தார். வேலை: களை. அபாயம்: மருந்து. பாதிக்கப்படக்கூடியவர்: சூப்பர்வைசர். அனுமதி வழங்குபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அனுமதி பெறுபவர் என்ற இடத்திலும் அவரே போட்டார். சாட்சி என்ற இடத்தைக் காட்டி மனைவியிடம் நீட்டினார்.

"நாளைக்கு அவனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கையெழுத்துப் போட்டவ நானா இருக்கணுமா? முடியாது."

"சாட்சி இல்லாம வேலையை ஆரம்பிக்க முடியாதே."

"அப்ப ஆரம்பிக்காதீங்க. மருந்து இல்லாத வழி எதுவுமே இல்லையா ஊர்ல? யோசிங்க. நிதானமா யோசிங்க, அவசரமே இல்ல."

களைக்கொல்லி டப்பா மூன்று பிளாஸ்டிக் பைக்குள் புகுந்து, பூட்டுப் போட்ட பெட்டிக்குள் புகுந்து, பீரோவின் தலைக்குப் போனது. சாவியை எங்கே வைத்தார் என்பதைப் பாதுகாப்புக் கருதித் தன்னிடமிருந்தே மறைத்துவிட்டார்.

மருந்து இல்லாத வழியைப் பேக்கரிக்காரர் சொன்னார். மதில்மேல் முழங்கை ஊன்றிக்கொண்டு அவர் யோசனை சொல்லும் அழகே தனி.

"வினிகர் சார். வினிகர், உப்பு, கொஞ்சம் சோப்புத் தண்ணி. அடிச்சு ரெண்டு மணி நேரத்துல களை கருகிடும். எல்லாம் மனுஷன் வாயில போடுற சாமான்தான், சோப்பைத் தவிர."

"நாய்க்கு?"

"மனுஷனுக்கே ஒண்ணும் ஆகலைன்னா நாய்க்கு என்ன சார் ஆகப்போகுது? ரெண்டு கேன் நானே தர்றேன். வேலையைப் பொறுமையா, நாள் கணக்கா செய்யுங்க. உங்களுக்கு அங்கதான் வேலை, பேக்கரிப் பக்கம் வந்து சிரமப்படாதீங்க."

உப்பின் அளவு பற்றி அபிப்பிராய பேதம் வந்தது. கைப்பிடி அளவு போதும் என்றார் பேக்கரிக்காரர். கைப்பிடி என்பது அளவை அல்ல, கைக்குக் கை மாறும் என்று சொல்லி, பத்து லிட்டருக்கு இரண்டு கிலோ எனத் தீர்மானித்தார் ஜாக்கிரதை. தலைக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு தெளித்தார். வினிகர் நெடியில் தெருவே தும்மியது.

இரண்டு மணி நேரத்தில் இலைகள் உண்மையிலேயே பழுப்பாகிக் குனிந்தன. மனைவி இரண்டு அடுப்பையும் அனுமதியில்லாமல் எரித்துக்கொண்டிருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். கதவைத் திறந்து, "போ, பாத்துட்டு வா," என்று நாயை வெளியே விட்டார்.

சூப்பர்வைசர் முதல் இலையை நக்கியது. நின்றது. மடங்கிய காதும் நிமிர்ந்தது. பதினொரு வருடம் உப்புச் சப்பில்லாத உணவைத் தின்ற நாய் அது. தோட்டத்தை ஒரு மூலையிலிருந்து ஒழுங்காக, வரிசையாக நக்கத் தொடங்கியது. அவர் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கால்வாசித் தோட்டம் முடிந்திருந்தது.

பிறகு ஒரு வாளி தண்ணீர் குடித்தது. பிறகு இன்னொரு வாளி. குடித்த தண்ணீர் எங்காவது போக வேண்டுமே. சோபாவில் கொஞ்சம், கட்டில் காலில் கொஞ்சம், அவருடைய பாதுகாப்புப் பதிவேட்டின்மேல் மீதி.

நாய் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கேட்டார். "எவ்வளவு உப்பு போட்டீங்க?"

"பத்து லிட்டருக்கு ரெண்டு கிலோ. குறிச்சு வெச்சிருக்கேன்."

"தோட்டத்துக்கு மருந்து போட்டீங்களா, தாளிச்சீங்களா? நல்லவேளை, நிறைய தண்ணி குடிச்சிருக்கான், தப்பிச்சான். இன்னும் கொஞ்சம் நக்கியிருந்தா நடக்கிற கதையே வேற. முதல்ல மண்ணுல இருக்கிற உப்பை நல்லா தண்ணி விட்டுக் கழுவி விடுங்க. அதுவரைக்கும் இவனை வெளியில விடாதீங்க."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜாக்கிரதை ரிக்‌ஷாவில் நாயின் தலையைத் தன் தொடையில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அது எங்கோ கழன்று விழுந்துவிடும் என்பதுபோல.

'விபத்தில்லா நாட்கள்: 127' என்றிருந்த பலகையைக் கூடத்துச் சுவரிலிருந்து இறக்கி, அழித்து, பூஜ்யம் எழுதி மாட்டினார். மனைவி பார்த்தாள். உள்ளே போய் நாய்க்கு உப்பில்லாமல் கஞ்சி வைத்தாள்.

நாலு நாள் இடைவிடாமல் தண்ணீர் விட்டதில் உப்பு போனது. அதோடு தோட்டத்திலிருந்த ஒரே ரோஜாவும் போனது. களை மட்டும் போகவில்லை. மேலே இலைதான் கருகியிருந்தது, கீழே கிழங்கு குத்துக்கல்லாட்டம் இருந்தது. அது இந்த நாலு நாள் தண்ணீரைத் தனக்கென்றே வந்த உபசாரமாக எடுத்துக்கொண்டு, ஒன்று இருந்த இடத்தில் மூன்றாக முளைத்தது.

பதினான்காம் தேதி இரண்டாவது நோட்டீஸ் வந்தது. இதையும் மனைவிதான் வாட்ச்மேன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினாள். 'முதல் நோட்டீஸுக்குப் பின் களை அதிகரித்திருப்பதைச் சங்கம் வருத்தத்துடன் கவனிக்கிறது.'

"எப்படிக் கவனிச்சாங்க? இந்தப் பக்கம் யாரும் வரவே இல்லையே," என்றார் ஜாக்கிரதை.

"தெருவுல போறவங்க பாத்திருப்பாங்க. உங்களுக்குத்தான் கண்ணு, மத்தவங்களுக்கு இல்லையா?"

டாக்டரம்மா போனில் சொன்ன அடுத்த வழி கொதிநீர். களையின் வேரில் நேராக ஊற்றினால் வெந்துவிடும், ஆறினபின் நாய்க்குத் தொல்லை இல்லை. எளிய வழி. எளிய வழியை எளிதாகச் செய்தால் அவர் ஏன் ஜாக்கிரதை? சமையலறை அடுப்பிலிருந்து பின்வாசல்வரை கொதிநீர் செல்லும் பாதைக்குச் சிவப்பு நாடா ஒட்ட, நாடாச் சுருளும் கையுமாகச் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

மனைவி கரண்டியோடு குறுக்கே நின்றாள்.

"கொதி தண்ணியத் தூக்கிட்டு நீங்க நடக்கிறப்போ அவன் கால்ல குறுக்க வந்தான்னா? அவன் மேல கொட்டினா?"

ஜாக்கிரதை நாடாவை இறக்கினார். அவள் சொன்னதில் அபாயம் இருந்தது. அதுவும் அவருக்குத் தோன்றாத அபாயம். முதல்முறையாக மனைவியை மரியாதையோடு பார்த்தார்.

"அப்ப அடுப்பையே தோட்டத்துக்குக் கொண்டுபோயிடறேன்."

"அதான் சரி. அங்கயே வெச்சுக்குங்க. எத்தனை நாள் வேணும்னாலும் வெச்சுக்குங்க."

தோட்டத்தில் மூன்று கல் கூட்டி, பெரிய அண்டாவில் நீர் கொதிக்க வைத்தார். நாய் உள்ளே, கதவு தாழ். ஒவ்வொரு களைக்கும் ஒரு குவளை. வேலை நன்றாகவே நடந்தது. மதில் ஓரம் ஒரே இடத்தில் அடர்த்தியாக முளைத்திருந்த கோரைக்கு மட்டும் குவளை போதாது என்று அண்டாவையே சாய்த்தார்.

அந்த இடத்தில் கோரை ஏன் அவ்வளவு செழிப்பாக இருந்தது என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்தது. அடியில் தண்ணீர்க் குழாய் போனது. அதில் ஏற்கெனவே சின்னக் கசிவு. பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி, கசிவு பிளவாகி, இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர் பீறிட்டது. அந்தக் குழாய்தான் அடுத்த மூன்று வீட்டுக்கும் போகிறது.

"சார்! மாவு பாதியில நிக்குது சார்! தண்ணி நின்னுபோச்சு!" என்று மதிலுக்கு அப்பாலிருந்து பேக்கரிக்காரர் கத்தினார்.

"தண்ணி நிக்கல! இங்கதான் இருக்கு!" என்று கத்தினார் ஜாக்கிரதை, முழங்கால்வரை தண்ணீரில் நின்றபடி.

சத்தம் கேட்டு மனைவி கதவைத் திறந்தாள். சூப்பர்வைசர் தண்ணீரைப் பார்த்தது. அதன் வயதுக்கு அப்படி ஒரு தாவலை யாரும் எதிர்பார்க்கவில்லை. சேற்றில் மல்லாந்து புரண்டு, திரும்பி வீட்டுக்குள் ஓடி, வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் ஏறி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. சுவரில் அன்று விழுந்த புள்ளிகளை எண்ணினால் நூறாவது இருக்கும்.

குழாய் சரியாக இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் களை முழங்காலைத் தொட்டது. பலகை மறுபடியும் பூஜ்யத்துக்கே வந்தது.

அடுத்தது கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு. வெயில் படாமல் மூடிவிட்டால் களை தானாகச் சாகும். விஷமில்லை, சூடில்லை, உப்பில்லை. ஓரம் முழுக்கச் செங்கல் வைத்தார். நடுவில் சூப்பர்வைசர் போய்ப் படுத்துக்கொண்டது. அதையும் ஒரு பாரமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

இருபத்தாறாம் தேதி மதியம் விரிப்புக்கு அடியில் ஏதோ ஒரு பூச்சி நகர்ந்தது. சூப்பர்வைசர் அதைப் பின்தொடர்ந்து, நகத்தால் கிழித்து, செங்கற்களை உருட்டிவிட்டு, பூச்சியைப் பிடிக்காமலேயே தூங்கப் போனது. நாய் எழுந்துபோன விரிப்பில் காற்று புகுந்தது. விரிப்பு பாய்மரம்போல உப்பி, மதிலைத் தாண்டி, பேக்கரிப் புகைபோக்கியின் தலையில் கச்சிதமாகக் கவிழ்ந்தது.

பேக்கரிக்காரர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். பின்னால் புகை வந்தது. அவர் புருவத்தில் மாவும் கரியும் சமபங்கு.

"நூத்தி இருபது ரொட்டி சார். எல்லாத்துலயும் புகை நாத்தம்."

"நான் அப்பவே சொன்னேன், உங்களுக்கு ஒரு அவசர வழி வேணும்னு."

பேக்கரிக்காரர் பல்லைக் கடித்தார். கண்ணை மூடினார். முகத்துக் கரியைத் துடைத்தார். "பரவாயில்ல சார். நீங்க உங்க தோட்டத்தையே பாருங்க. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

இருபத்தேழாம் தேதி மூன்றாவது நோட்டீஸ். 'முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒப்பந்தக்காரர் வருகிறார்.'

அன்று காலைக் கூட்டம் நடக்கவில்லை. ஜாக்கிரதை பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். சூப்பர்வைசர் அவர் செருப்பின்மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"மூணு நாள்தான் இருக்கு. மருந்து அடிச்சாங்கன்னா இவன் திங்காம இருக்க மாட்டான். சொன்னாக் கேக்குற வயசா இவனுக்கு?" என்றார். நாயின் மடங்கிய காதை நீவிவிட்டார். "முன்னூறு பேர் வேலை செஞ்ச இடத்துல ஒரு விரல் போகாம பாத்துக்கிட்டேன். வீட்டுல ஒரு நாயைக் காப்பாத்த முடியலையே எனக்கு."

மனைவிக்கு அவரை அப்படிப் பார்க்கப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அந்த நோட்டீஸை அவ்வளவு பெருசா எடுத்துக்காதீங்க. யாரும் வர மாட்டாங்க."

"என்ன பேசுற நீ? பதிவு எண் இருக்கு. முத்திரை இருக்கு."

"சும்மா மிரட்டுறதுக்குப் போட்டிருப்பாங்க."

"முத்திரை போட்டு யாராவது சும்மா மிரட்டுவாங்களா? முப்பத்திரண்டு வருஷம் நான் சும்மாவா மிரட்டினேன்?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஆறிப்போன காபியை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

அவர் எழுந்தார். முக்காலி ஒன்றை எடுத்தார், பழைய இரும்புக் கரண்டி ஒன்றை எடுத்தார். தோட்டத்தின் முதல் மூலையில் உட்கார்ந்து முதல் களையைக் கையால் பிடித்து இழுத்தார். இருபத்தைந்து நாளாக அவருக்குத் தோன்றாத வழி இதுதான். இதற்கு எச்சரிக்கைப் பலகை தேவையில்லை, அதனால் கண்ணில் படவில்லை.

"உங்க முட்டி என்னத்துக்கு ஆகும்?" என்றாள் மனைவி.

"முட்டி போனாப் போகட்டும்."

இலை கையோடு வந்தது, கிழங்கு வரவில்லை. கரண்டியால் தோண்டினார். அரை அடி ஆழத்தில் இருந்தது. இப்படி ஒவ்வொன்றாக எடுத்தால் மூன்று வருடம் ஆகும், மூன்று நாள் போதாது. அப்போது சூப்பர்வைசர் எழுந்து வந்தது. அவர் தோண்டிய குழியை முகர்ந்தது. இவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவுகட்டியதுபோல முன்னங்கால் இரண்டாலும் மண்ணை வாரி இறைத்தது. நாலே வாரலில் கிழங்கு மேலே வந்தது.

பதினொரு வருடத்தில் அந்த நாய் செய்த முதல் வேலை அது. அதன்பின் நிறுத்தவில்லை. அவர் இலையைப் பிடித்துக் காட்டுவார், அது தோண்டும். அவர் கிழங்கைப் பொறுக்கி வாளியில் போடுவார். வெயிலில் இரண்டும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக முன்னேறின. சாப்பாட்டைத் தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்தாள் மனைவி. அவர் ஒரு வாய், அது ஒரு வாய். பாதுகாப்பு விதிப்படி தவறு. எழுதி வைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி பொழுது சாய்வதற்குள் தோட்டம் மொட்டைத் தலையாக இருந்தது. ஒரு பச்சை இல்லை. ஜாக்கிரதையால் நிமிர முடியவில்லை. சூப்பர்வைசரால் எழவே முடியவில்லை. சுவர்ப் பலகையில் மூன்று என்று இருந்தது. அவர் வாழ்க்கையில் எழுதிய எந்த எண்ணையும்விட அது அவருக்குப் பிடித்திருந்தது.

முப்பதாம் தேதி காலை எட்டரைக்கே தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நாயைக் கயிற்றில் பிடித்தபடி வாசல் கேட்டில் நின்றார். ஒன்பது ஆனது. பத்து ஆனது. ஒப்பந்தக்காரர் வரவில்லை. பத்தரைக்கு மனைவி பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது தோட்டத்தை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டாள். சந்தோஷத்தில் விடுகிற பெருமூச்சு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"ஆக, தோட்டம் முடிஞ்சுது," என்றார் நாயிடம், கைகளைத் தட்டிக்கொண்டு. "ஒரு மாசமா வீட்டுக்குள்ள எதையும் பாக்கல. சமையலறையில நாடாவெல்லாம் காணோம். ரெண்டு அடுப்பு சேந்து எரிஞ்ச மாதிரி வாசனை வேற வருது. வா, முதல்ல இருந்து ஆரம்பிப்போம்."

அவர் திரும்பும்போது வாட்ச்மேன் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். கேட்டுக்கு மேலாகத் தோட்டத்தை எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"அடேங்கப்பா! ஒண்ணு பாக்கியில்லாம எடுத்துட்டீங்களே சார்!"

"சங்கத்துல போய் சொல்லுங்க. நோட்டீஸ்ல கேட்டது கேட்டபடி நடந்தாச்சுன்னு. ஒப்பந்தக்காரர் ஏன் இன்னும் வரலைன்னும் கேளுங்க."

"எந்த ஒப்பந்தக்காரர் சார்?" என்ற வாட்ச்மேன், உள்ளே எட்டிப் பார்த்தார். "அம்மா இல்லையா?"

"கடைக்குப் போயிருக்கா. என்ன விஷயம், எங்கிட்ட சொல்லுங்க."

வாட்ச்மேன் நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒரு எழுத்துக் குறையாமல் இறக்கி வைத்தார்.

"'களை முடியுற மாதிரி இருக்கும்மா. இனிமே சாரை வீட்டுக்கு வெளியிலயே வெச்சிருக்க அடுத்த நோட்டீஸ்ல என்னன்னு எழுதட்டும்?'னு அம்மாகிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு செயலாளர்."